ஆமத்தூர் விலக்கில் என் பேர்

என் வீட்டுக்காரருக்குப் பொண்டாட்டி ஒருத்திதான். அது நான். ஆனால் அவர் ஓட்டுகிற பட்டாசுக் கம்பெனி வேனில் 'வேல்விழி வருவாளா' என்ற பாட்டு மட்டும் மூன்று இருக்கிறது. மூன்றும் காதல் பாட்டு. வேறு வேறு படம், வேறு வேறு காலம், தலைப்பு மட்டும் ஒன்று. என் பெயர் வேல்விழி. இதனால் போன ஆவணி மாதம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என் பக்கம்தான்.

முதலில் மனுஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஊர்க்காவலன், வயது நாற்பத்தாறு, வெம்பக்கோட்டைப் பக்கம் ஊர். அவருடைய அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். மழை பெய்தால் வேலை, பெய்யாவிட்டால் பட்டினி. அதைப் பார்த்துப் பயந்துபோய் இவர் பதினெட்டு வயதில் லாரியில் கிளீனராக ஏறினார். அப்படியே ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, இருபது வருஷமாக ஒரே கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார். ஒருமுறைகூட வண்டியை எதிலும் உரசியதில்லை. பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிறவன் பையில் தீப்பெட்டி இருக்கக் கூடாது என்று பீடியை விட்டவர், விட்டதுதான். பேச்சும் கிடையாது. "சாப்பிட்டீகளா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவார். அது ஆமாவா இல்லையா என்று அந்தத் தலைக்கே தெரியாது. இப்படி ஒரு கல்லுளிமங்கனை வைத்துக்கொண்டு உனக்கு என்னம்மா பொறாமை என்று கேட்பீர்கள். பேசாத ஆளைத்தான் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பேசுகிறவன் எங்கேயாவது உளறிவிடுவான்.

எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் ஒரே ரோட்டில் ஆறேழு கம்பெனி வேன்கள் வரும். எல்லாம் வெள்ளை வேன், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஆரன். அரை இருட்டில் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்து வேறு கம்பெனி வேனில் ஏறிப்போய், அந்த கேட்டில் இறங்கி முழித்தவர்கள் எத்தனையோ பேர். அதனால் எங்கள் வேனில் ஒரு ஏற்பாடு. நிறுத்தத்துக்கு ஒரு பாட்டு. நிறுத்தம் வருவதற்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே அந்தப் பாட்டைச் சத்தமாக வைத்துவிட வேண்டும். வீட்டுக்குள் தலை சீவிக்கொண்டிருப்பவள்கூட, "ஏ, நம்ம வண்டி" என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். பக்கத்துக் கம்பெனி வேன்காரர் சாமி பாட்டு மட்டும்தான் போடுவார். அதைக் கேட்டால் நம் ஆள் ஒருத்தியும் எழுந்திரிக்க மாட்டாள்.

இருபது வயதில் நான் அந்தக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது என் வீடு ஆமத்தூரில். முதல் நாள், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற ஆமத்தூர் விலக்கில் தன்னந்தனியாகப் பயந்துபோய் நிற்கிறேன். தூரத்தில் வெளிச்சம் வருகிறது, கூடவே வயலின் வாசித்துக்கொண்டு ஒரு பாட்டு வருகிறது. 'வேல்விழி வருவாளா, வேல்விழி வருவாளா...' எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வேன் நின்றது. ஒடிசலாக ஒரு டிரைவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கள்ளன், அட்டெண்டன்ஸ் நோட்டில் புதிதாகச் சேருகிறவள் பெயரைப் பார்த்து, தேடிப்பிடித்து இந்தப் பாட்டைப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் தினமும் அதே பாட்டு, தினமும் நானும் சிரித்தேன். பதினோரு மாதத்தில் கல்யாணம். "எம் பேரப் பாத்துப் பாட்டுப் போட்டுத்தான் என்ன மயக்குனாக" என்று நான் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுவார்.

கல்யாணமானதும் நான் அவர் வீட்டுக்கு வந்துவிட்டேன். வேன் நிற்பதே எங்கள் வாசலில்தான். முதலில் ஏறுகிறவள் நான், என்னைக் கூப்பிடப் பாட்டு எதற்கு? ஆமத்தூர் விலக்கிலும் பிறகு ஏற ஆளில்லை, வண்டி நிற்காமலே போகும். அதைத் தாண்டும்போதெல்லாம் நான் எனக்குள் சிரித்துக்கொள்வேன். பதினோரு வருஷம் அப்படிப் போனேன். பிறகு முழங்கால் வலி. வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுத்தேன். மகள் கோவில்பட்டியில் நர்சிங் படிக்கப் போய்விட்டாள். வீட்டில் நானும் காகிதக் குழாயும்தான்.

இந்த லட்சணத்தில்தான் பக்கத்து வீட்டு இசைவாணி வந்து பற்றவைத்தாள். அவளும் அதே வேனில் போகிறவள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்.

"வேலக்கா, ஒங்க பாட்டு இப்ப ஆமத்தூர் விலக்குல பாடுது தெரியுமா? ஒங்கள்ட்டச் சொல்லிட்டுத்தான் போடுறாகளா அண்ணன்?"

"யாரு ஏறுறா அங்கன?"

"லட்சுமிகாந்தம்னு ஒரு அக்கா. சித்திரையிலதான் சேந்துச்சு. நல்லா செவப்பா இருக்கும்."

செவப்பா இருக்குமாம்! அதை யார் கேட்டது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு எந்தப் பாட்டைப் போட்டாலும் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பாட்டை, அந்த விலக்கில், தனியாக நிற்கிற ஒரு பொம்பளைக்கு ஒரு டிரைவர் போட்டால் அது எங்கே போய் முடியும் என்று இந்த உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான். அது முடிந்த இடத்தில்தானே நான் உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

சாயந்தரம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். "ஆமத்தூர் விலக்குல என்ன பாட்டுப் போடுறீக?"

"அதான், வேல்விழி வருவாளா." வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கூச்சமே இல்லாமல் சொல்கிறார்.

"எம் பேரச் சொல்லி இன்னொருத்திய வண்டியில ஏத்துறீகளாக்கும்?"

"அது வேற பாட்டு, புள்ள. பளைய பாட்டு. பேரு மட்டும்தான் ஒண்ணு."

"அந்தப் பேரு யாரு பேரு?"

மனுஷன் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மறுநாளே சொல்லிவிட்டேன், சீசன் நேரம், நானும் வேலைக்கு வருகிறேன் என்று. "முளங்காலு?" என்றார். "முழங்கால் எனக்குத்தானே இருக்கு, ஒங்களுக்கில்லையே" என்றேன். பெட்டியில் லேபிள் ஒட்டுகிற வேலை கிடைத்தது. வேனில் டிரைவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய பிடரியும் தெரியும், முன் கண்ணாடியில் அவர் கண்ணும் தெரியும்.

ஆமத்தூர் விலக்கு வந்தது. அவர் பாட்டுச் செட்டில் நம்பரைத் தட்டினார். பாட்டு வந்தது. எங்கள் வயலின் பாட்டு இல்லைதான். எங்கள் அப்பா காலத்துப் பாட்டு, ஒரு ஆம்பளை மூக்கால் அழுதுகொண்டே பாடுகிறான். ஆனாலும் முதல் வரி அதேதான், 'வேல்விழி வருவாளா'. ரோட்டோரத்து ஓட்டு வீட்டிலிருந்து லட்சுமிகாந்தம் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். செவப்புதான். பாட்டைக் கேட்டுக்கொண்டே வந்தவள் முகத்தில் ஒரு சிரிப்பு, ஏறும்போது அதைப் படக்கென்று மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் இப்படித்தானே ரோட்டைப் பார்த்தார்!

இசைவாணி காதில் கிசுகிசுத்தாள். "சும்மா வெறிச்சுப் பாக்காதீகக்கா. அந்தக்கா அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிடும்."

எனக்கு அது ஆறுதலே இல்லை. நானும் அந்தக் காலத்தில் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

நான்கு நாள் பார்த்தேன். நான்கு நாளும் அந்தப் பாட்டு, அந்தச் சிரிப்பு. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை சாயந்தரம், அவர் குளிக்கப் போன நேரம், வேன் கதவைத் திறந்து பென்டிரைவைப் பிடுங்கினேன். மகள் விட்டுப்போன சின்ன வயரில் மாட்டி என் போனில் சொருகிப் பார்த்தேன். மூன்று கிடந்தன. 'வேல்விழி வருவாளா', 'வேல்விழி வருவாளா', 'வேல்விழி வருவாளா'. எது மூக்கால் அழுகிறவன், எது வயலின் என்று போட்டுப் பார்த்தால் சத்தம் கேட்கும். அவர் பக்கெட்டில் தண்ணீர் மொள்கிற சத்தம் நிற்கப்போகிறது. போங்கடா என்று மூன்றையும் அழித்தேன். என்னுடையதும் போனது. போகட்டும், எனக்கு இல்லாதது ஒருத்திக்கும் வேண்டாம் என்று நிம்மதியாக வந்து உலை வைத்தேன்.

மறுநாள் காலையில் ஆமத்தூர் விலக்குக்கு முன்னால் அவர் வழக்கம்போல நம்பரைத் தட்டினார். வரிசை மாறிப்போய், ஊர்ப் பொங்கலுக்கென்று ஏற்றிவைத்திருந்த அய்யனார் பாட்டு ஒன்று உருமி மேளத்தோடு கிளம்பியது. அவர் திகைத்துப்போய் மறுபடி தட்டினார். அது பாட்டுக்கு அய்யனார் குதிரையில் வந்துகொண்டே இருந்தார். ஓட்டு வீட்டின் கதவு திறக்கவில்லை. சாமி பாட்டைக் கேட்டவள் பக்கத்துக் கம்பெனி வேன் என்று உள்ளேயே இருந்துவிட்டாள். நேரமாகிறது என்று பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். வண்டி கிளம்பியது. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். அவர் போன் அடித்தது. ஓட்டும்போது எடுக்க மாட்டார், பின்னால் நீட்டுவார். வாங்கிப் பார்த்தால் 'ஆமத்தூர் லட்சுமி' என்று பெயர். லட்சுமியாம்! காந்தத்தை வெட்டிவிட்டுச் செல்லமாக வைத்திருக்கிறார். எடுத்தேன்.

"அண்ணே, பாட்டே கேக்கலையே? போயிட்டீகளா?" அழுகிற குரல்.

நான் வாயைத் திறப்பதற்குள், அவ்வளவு சத்தத்திலும் அவருக்குக் கேட்டுவிட்டது. வேனைத் திருப்பினார். பதினாறு பேர் இருக்கிற வேனை, கேட் மூடுகிற நேரத்தில், ஒருத்திக்காகத் திருப்பினார். "ஏண்ணே, நாங்கள்லாம் மனுசியா தெரியலயா?" என்று பின்னால் கத்துகிறார்கள். என் காதெல்லாம் ஜிவ்வென்று சுட்டது. போய் ஏற்றிக்கொண்டு வந்து, எல்லோரும் கால் மணி நேரம் தாமதம். போர்மேன் கேட்டிலேயே நிறுத்தி வைத்து ஏசினார். ஏச்சு முழுவதையும் அவர்தான் வாங்கினார். "எம் மேலதான் தப்பு சார், செட்டு ரிப்பேரு" என்றார். கண்ணாடியில் மட்டும் ஒரு தடவை என்னைப் பார்த்தார். தெரிந்துவிட்டது அவருக்கு.

அன்று சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்பதற்கு முந்தி நான் ஆரம்பித்தேன். "ஆமா, நாந்தான் அழிச்சேன். அவளுக்காகத்தான அந்தப் பாட்டப் போடுறீக?"

"ஆளுக்குன்னு யாரு புள்ள பாட்டுப் போடுவா? நிறுத்தத்துக்குத்தான் பாட்டு. அங்கன யாரு நின்னாலும் அதான்."

"அப்ப எனக்குப் போட்டது?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்புக் காலில் இருக்க, அப்படியே நின்றார். "அதுவும் நிறுத்தத்துக்குத்தான்."

"பொய் சொல்லாதீக. மொத நாளே போட்டீகளே! அட்டெண்டன்ஸ் நோட்டுல எம் பேரப் பாத்து..."

"அது நீயாச் சொல்றது."

விடுவிடுவென்று வேனுக்குப் போனார். வெயில் மறைப்புப் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். பழைய பட்டாசுப் பெட்டி அட்டையின் வெள்ளைப் பக்கம். நிறுத்தம் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பாட்டு, நீல மையில், சாய்ந்த கையெழுத்தில். அவர் கையெழுத்து இல்லை. அவருக்கு முந்தி அந்த வண்டியை ஓட்டிய மாரிக்கண்ணன் எழுதியது. மேலே தேதி, 2003 சித்திரை. ஏழாவது வரி, 'ஆமத்தூர் விலக்கு, வேல்விழி வருவாளா'. நான் வேலைக்குச் சேர்ந்தது 2005இல்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வழக்கில் அவர் ஜெயித்துவிட்டார். லட்சுமிகாந்தத்துக்கு அவர் பாட்டுப் போடவில்லை. எனக்கும் போடவில்லை. அவரைக் குற்றவாளி ஆக்கினால் அவள் வந்து நிற்கிறாள். குற்றமில்லை என்று விட்டால் என் பத்தொன்பது வருஷக் கதை போகிறது. தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேனே, பாவி! அந்த நிலைமையிலும் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள்.

"எனக்கு முந்தி அங்கன யாரு ஏறுனா?"

"மூக்கம்மான்னு ஒரு கெளவி. பல்லு கெடையாது. செத்துப்போச்சு."

பல்லில்லாத கிழவி மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. அவளும் என் பெயரைக் கேட்டுத்தானே ஏறியிருக்கிறாள்!

"இம்புட்டு வருசமா நான் சொல்லச் சொல்லத் தலைய ஆட்டுனீகளே, இல்லைன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"நீ சொல்றது நல்லாருந்துச்சு. நான் எதுக்கு இல்லைங்கணும்?"

"அப்ப என்னத்துக்கு என்னக் கட்டுனீக?" கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

காலில் கிடந்த இன்னொரு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார். "பாட்டக் கேட்டா எல்லாரும் சோத்துப் பையத்தான் எடுப்பாளுக. நீ சிரிச்ச." அவ்வளவு சொல்லவே அவருக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் மெதுவாக, "மூணையுமா அழிச்ச? நடுவுல உள்ளதும் போச்சா?"

"எல்லாந்தான் போச்சு."

"அந்த வயலின் பாட்ட நான் யாருக்கும் போடுறதில்லையே புள்ள. கேசட்டு அந்துபோச்சுன்னு கடையில பேரச் சொல்லிக் கேட்டேன், அவன் அதே பேருல மூணப் போட்டுக் குடுத்துட்டான். சரி, அட்டையில உள்ள பேருக்குப் பளசப் போட்டுக்கிடுவோம், அது ஒன்னோடது, கெடக்கட்டும்னு வச்சிருந்தேன்."

பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கு என் கையையே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு விருதுநகர் போனார். மதியம்தான் வந்தார். எதற்குப் போனீர்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கத்தரிக்காய் நன்றாக இருந்தது என்று ஒரு கிலோ வாங்கி வந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை அடுப்படியில் நான் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டிருந்தேன். வாசலில் வேன் உறுமியது. அப்புறம் வயலின் கேட்டது.

'வேல்விழி வருவாளா, வேல்விழி வருவாளா...'

என் வாசலில். பத்தடி தூரத்தில் இருக்கிற பொண்டாட்டியைக் கூப்பிட, அத்தனை சத்தமாக. எதிர்வீட்டில் எழுந்து வந்து பார்க்கிறார்கள். இசைவாணி திகைத்துப்போய், "என்னக்கா இது, கூத்தா இருக்கு!" என்கிறாள். தூக்குச்சட்டியை எடுத்தேனா, கதவைப் பூட்டினேனா, ஒன்றும் நினைவில்லை. ஏறினேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மறைப்பில் அந்த அட்டை செருகியிருந்தது. மாரிக்கண்ணன் எழுதிய முதல் வரிக்கும் மேலே, இடமில்லாத இடத்தில், கோணல்மாணலாக ஒரு புது வரி. 'வீடு, வேல்விழி வருவாளா, ரெண்டாவது.' அது அவர் கையெழுத்து.

சரி, கதை இங்கேயே முடிந்தது என்று நல்ல மனசுக்காரி என்றால் விட்டிருப்பாள். நான் அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். ஆமத்தூர் விலக்கு வரியில் பாட்டுக்குப் பக்கத்தில் 'மூணாவது' என்று எழுதினேன். கடைக்காரன் பழையபடி மூன்றையும் போட்டுக் கொடுத்திருந்தான்; மூன்றாவது வேல்விழி இப்போது வந்த பாட்டு, கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறேன். தகர டப்பாவை உருட்டிவிட்டது போல ஒரு குத்து, நடுவில் ஒருத்தன் கத்துகிறான். அதைக் கேட்டு எந்தப் பொம்பளைக்கும் வெட்கம் வராது. அவர் அட்டையைப் பார்த்தார், கண்ணாடியில் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

ஆமத்தூர் விலக்கு வந்தது. மூன்றாவது பாட்டு காது கிழிய ஓடியது. கதவு திறந்து லட்சுமிகாந்தம் வந்தாள். அவள் புருஷனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வருவான் என்று இதற்குள் இசைவாணி சொல்லியிருந்தாள். தலையில் ஒரு முழம் பூ, கையில் தூக்குச்சட்டி. அந்தத் தகர டப்பாச் சத்தத்துக்கு நடுவில், முகமெல்லாம் சிரித்துக்கொண்டு, ஏறும்போது அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். வண்டி வந்துவிட்டது என்று பையை எடுக்கிறவள் சிரிப்பு இல்லை அது. அந்தச் சிரிப்பு எது என்று எனக்குத் தெரியும். இருட்டுக்குள் தன்னந்தனியாக இருக்கும்போது யாரோ தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிற சிரிப்பு. நான் பத்தொன்பது வருஷம் சிரித்தது.

எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. இனிமேல் இங்கே பாட்டே வேண்டாம், ஆரன் போதும் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாருக்கீகளாக்கா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது புரட்டாசியும் முடியப்போகிறது. தினமும் அவள் சிரிக்கிறாள், தினமும் எனக்கு எரிகிறது, தினமும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறேன்.